ஃபுன்ஷாலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டுக் கேற்றடியில் ஒருவர் கறுப்புச் சட்டையில் நின்றார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு. கறுப்புச் சப்பாத்து, தோளில் கறுப்புச் சால்வை. காலை பத்து மணி வெயில் மதிலில் பட்டுக் கண் கூசியது. அந்தக் கறுப்புக்கு நடுவில், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு வெற்றிலைத் தட்டம்.

நான் விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுளகைக் கீழே வைத்தேன். அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அதற்கு மேலால் பார்த்தார்.

வந்தவரை நாங்கள் நேரில் கண்டதில்லை. போனில் படமாகக் கண்டிருக்கிறோம். எங்கள் ஒரே மகள் மதுராவின் மாமியார். பெயர் லூர்தஸ். போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவில், ஃபுன்ஷால் என்ற நகரத்தில் இருப்பவர். விதவை. தீவை விட்டு வெளியே போகிற பழக்கமே இல்லாதவர் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த மனுசி திருகோணமலையில், எங்கள் ஒழுங்கையில், எங்கள் கேற்றுக்கு முன்னால் நிற்கிறார்.

அவரை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க விட்டு ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தவரை வெயிலில் நிற்க வைப்பது மரியாதையில்லைதான். ஆனால் அன்றைக்கும் நான் அவரை அப்படித்தான் நிற்க வைத்தேன்.

கேட்டவர்களுக்காக

சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைத் தொடரில், வேறு எதையோ சொல்லப்போய், நான் ஃபுன்ஷாலைப் பார்த்தவள் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அன்று பிடித்தது தொல்லை. அந்த ஊர் எப்படி, குளிரா, எங்கள் ஆட்களுக்குச் சரிவருமா, என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஒரே விசாரிப்பு. மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா அங்கே புட்டு அவிக்கலாமா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். ஆசிரியரும் விடவில்லை. "ஒரு கிழமை அதையே எழுதிவிடுங்கோவன், போறவைக்கு ஒரு வழிகாட்டி மாதிரி" என்றார்.

நான் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் தட்டச்சு அடித்தவள். சுற்றறிக்கை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வரும். இது அப்படி வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எப்படி இருக்கும், எப்போது போகலாம்

மலை ஒன்று நேரே கடலுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற வழியெல்லாம் வெள்ளைச் சுவரும் செம்மண் நிற ஓடுமாக வீடுகள். அடியில் துறைமுகம். எங்கள் திருகோணமலைத் துறைமுகம் நாலா பக்கமும் கரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். ஃபுன்ஷால் எழுந்து நிற்கிற ஊர். பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும் ஏற்றம், வாங்கிக்கொண்டு வந்தாலும் ஏற்றம். இறக்கம் எங்கே போகிறது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

வருடம் முழுவதும் வெயில். ஆனால் அது நல்ல குணமுள்ள வெயில், எங்கள் சித்திரை வெயில் போல ஆளைக் கோபிக்காது. பின்னேரம் ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படும். வசந்த காலத்தில் பெரிய வீதிகளில் மரமெல்லாம் ஊதாப் பூ. நடைபாதைகளில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கற்களைப் பதித்துக் கோலம் போட்டது போல வைத்திருக்கிறார்கள். மழை தூறினால் அந்தக் கோலத்தில் இறப்பர்ச் செருப்போடு நடக்கக் கூடாது. நான் நடந்தேன், விழுந்தேன்.

கடலுக்காக மட்டும் போகிறவர்கள் யோசிக்கவும். அங்கே கரை கறுப்புக் கல். எங்கள் நிலாவெளிக் கடற்கரை மணலில் காலை வைத்தவர்களுக்கு அது கரையாகவே தெரியாது.

விமான நிலையம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடுபாதையின் ஒரு பகுதி கடல் ஓரத்தில் தூண்களின் மேல் நிற்கிறது. மலைக்காற்று பக்கத்தால் அடிக்கும். விமானம் இறங்கப் பார்த்து, மேலே எழும்பி, திரும்பவும் சுற்றி வரும். சில நாட்களில் முடியாமல் வேறு ஊருக்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஒழுங்காக இறங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கை தட்டுவார்கள். மகள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து வைத்தேன்.

நாலு வருடம் ஏன் போகவில்லை

மதுரா ஒரு உல்லாசக் கப்பலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தவள். அந்தக் கப்பல் அடிக்கடி ஃபுன்ஷாலுக்குப் போகும். போன இடத்தில் ரூய் என்கிற பொடியனைக் கண்டாள். எனக்குத்தான் முதலில் சொன்னாள். நான் இரண்டு நாள் பயந்து பயந்து என் கணவருக்குச் சொன்னேன்.

இவர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை போன்ற கப்பல்களையெல்லாம் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர். தன்னை இழுக்க மட்டும் ஒருவரையும் விடமாட்டார். வெடிக்கப் போகிறார் என்று பார்த்தால் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் காலத்தில எங்கட கோணேசர் கோயிலை இடிச்சது இந்தப் போர்த்துக்கேய ஆக்கள்தானே?"

"ரூய் இடிக்கேல்லையப்பா," என்றேன். "அவனுக்கு இருபத்தொன்பது வயசு."

அதோடு அந்த விசயம் முடிந்தது. போர்த்துக்கேய மாப்பிள்ளைக்குச் சம்மதித்த மனிதர், பிறகு ஒரு கலியாண அழைப்பிதழுக்கு முறுக்கிக்கொண்டார். அது போனில் வந்தது. இரண்டு மோதிரம், நாலு பூ, பின்னால் ஒரு பாட்டு. மகள் ஆசையாகத்தான் செய்து அனுப்பினாள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு: கலியாணம் என்றால் வெற்றிலைத் தட்டத்தோடு வீடு வீடாகப் போய் நேரில் சொல்ல வேண்டும். தபாலில் வருவதையும் போனில் வருவதையும் அழைப்பாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். இவர் தன் ஆட்களின் கலியாணங்களுக்குத் திரியாய்க் கிராமம் வரை போய், கதைபேச்சு இல்லாத வீட்டுக்கும் ஏறி, தட்டம் நீட்டி, "குடும்பமா வரவேணும்" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

"எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை," என்றார்.

"உங்கட மகள் உங்களுக்கு வந்து சொல்ல வேணுமோ?"

"மகள் சொல்லத் தேவையில்லை. மாப்பிளை பகுதி சொல்ல வேணும். அவைக்கு முறை தெரியாது, சரி. அவளுக்குத் தெரியுமெல்லே?"

மகளும் அவருடைய மகள்தானே. "நான் கலியாணத்தில நிக்கிறன், அப்பா முறையில நிக்கிறார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். கலியாணம் நாங்கள் இருவரும் இல்லாமல் நடந்தது. பிறகு நாலு வருடம் அவள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாள், நான் கதைப்பேன். போன் என் கையைத் தாண்டி அவருடைய கைக்குப் போனதில்லை.

நான் தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. நான் ஒருதரம் தனியாகப் போய்விட்டால், தாய் போனாள், தகப்பன் போகவில்லை என்பதே எங்கள் வீட்டு வழக்கமாகிவிடும் என்று பயந்தேன். அவள் பிள்ளைத்தாச்சியானதும் அந்தப் பயம் இரண்டு மடங்காயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பாள். "அம்மா, அப்பா வருவாரோ?"

"கேட்டுப் பாக்கிறன் பிள்ளை," என்பேன். கேட்கவில்லை. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு அவளுக்கு எதைச் சொல்வது?

என்ன சாப்பிடலாம்

மீன் சந்தைக்குப் போங்கள். அங்கே ஆழ்கடலில் பிடிக்கிற ஒரு நீட்டுக் கறுப்பு மீன் இருக்கிறது. பெரிய கண், ஊசிப் பல், பார்த்தால் இரண்டு நாளைக்குப் பசிக்காது. அதை வாழைப்பழத்தோடு பொரித்துத் தருவார்கள். மீனோடு வாழைப்பழமா என்று முகத்தைச் சுளித்துவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டவள் நான். வாழைப்பழம் எங்கள் கதலி அளவுதான். மலைச்சரிவில் படி படியாக வைத்திருக்கிறார்கள்.

சூட்டுக் கல்லில் சுட்டு வெள்ளைப்பூண்டுப் பட்டர் பூசுகிற தட்டை ரொட்டி நல்லது. பசன்புரூட் பழத்தில் எத்தனையோ வகை. விற்கிற பெண்கள் ருசி பார்க்கத் தந்துகொண்டே இருப்பார்கள், வாங்காமல் தப்ப ஏலாது. மாட்டிறைச்சியைத் தடியில் குத்திச் சுடுவது அந்த ஊரில் பெரிய விசேடம், அதைப் பற்றி எனக்குத் தெரியாது.

கரும்புப் பாணியில் செய்கிற கறுப்பு நிறக் கேக் ஒன்றும் உண்டு. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, செய்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதைக் கத்தியால் வெட்டுவதில்லை, கையால் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும். லூர்தஸ் அதில் கண்டிப்பு. நான் கத்தி எடுத்ததற்கு என் கையில் மெல்லத் தட்டினார்.

புட்டு அவிக்கலாம். குழலையும் மாவையும் கொண்டுபோக வேண்டும்.

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்

கடற்கரையிலிருந்து மலை உச்சிக் கோயிலுக்குக் கம்பியில் தொங்குகிற பெட்டியில் போகலாம். திரும்பி இறங்க இன்னொரு வழி உண்டு. பிரம்பால் பின்னிய, சில்லு, சக்கரம் இல்லாத, சாய்மனைக் கதிரை போன்ற ஒரு கூடை. அதில் நீங்கள் இருக்க, வெள்ளை உடுப்பும் வைக்கோல் தொப்பியும் போட்ட இரண்டு பேர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் சறுக்கி விடுவார்கள். சப்பாத்து அடிதான் பிரேக்.

லூர்தஸின் கணவர் அந்த வேலை செய்தவர். அவர் போய் இருபது வருடமாகியும் லூர்தஸ் கறுப்பைக் கழற்றவில்லை. அந்த ஊரில் பழைய ஆட்களில் சிலர் அப்படித்தான், அது செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை. ஆனால் கறுப்பு உடுத்தியவரை யாரும் ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. கோயில் ஊர்வலத்தில் அவர் முன்வரிசை. ரூயின் கலியாணப் படத்திலும் மணமக்களுக்குப் பக்கத்தில், கறுப்பில், நடுவில் நிற்கிறார்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் நினைவுதான் வரும். மகேஸ்வரி மச்சாள் இவருடைய அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவர். திரியாயில் அவருடைய புருசன் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது மச்சாளுக்கு முப்பதும் ஆகவில்லை.

எங்கள் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டது, மாப்பிள்ளை வேட்டிக்குக் கரை பார்த்தது, எல்லாம் மச்சாள்தான். இவர் குளித்து உடுத்துப் புறப்படுகிற நேரம் வந்ததும் சமைக்கிற குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புறப்படுகிறவருக்கு எதிரில் விதவை வரக் கூடாதாம். இவர் விடைபெறக் கதவில் தட்டி, "அக்கா, போட்டு வாறன்," என்றாராம். "ஓம் தம்பி, போட்டு வா," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்ததாம். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் இதை எனக்குச் சொன்னார். பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டு நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் மச்சாள் இரண்டு நாள் முந்தியே வருவார். எல்லா வேலையும் செய்வார். நேரம் வந்ததும் காணாமல் போய்விடுவார். குசினியில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். முன்னுக்கு வாருங்கள் என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுபடியும் கேற்றடி

லூர்தஸ் இன்னும் வெயிலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் எங்களுக்கு வழக்கமாக வாடகை வான் ஓட்டுகிற தம்பி நியாஸ், பக்கத்துக் கிண்ணியா ஊர்க்காரர், வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"அன்ரி, மதுரா தங்கச்சி ஒரு மாசமா என்னோட பேசித்தான் இந்த ஏற்பாடு. கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தன். தட்டத்துச் சாமானெல்லாம் காலையில சந்தையில நான்தான் வாங்கினன். லிஸ்ட் அனுப்பினா. ஒண்டும் குறையில்ல, பாருங்க."

ஒன்றும் குறையில்லை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம். குங்குமத்தைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது. விதவை, கறுப்பு உடுப்பு, கையில் குங்குமம், பிள்ளைப்பேற்றுக்கு அழைப்பு. ஐயோ மதுரா, எல்லாம் சொல்லிக் கொடுத்தாய், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே! முறை முறை என்று நாலு வருடம் நின்ற மனிதர் இதைப் பார்த்து எழுந்து உள்ளே போய்விட்டால், இனி மதுராவுக்குத் தகப்பன் இல்லை. முன்வீட்டு அம்மாவும் தன் கேற்றுக்கு வந்துவிட்டார்.

ஓடிப்போய்க் கேற்றைத் திறந்தேன். "தாங்கோ, தாங்கோ," என்று தட்டத்தைப் பிடித்தேன். நான் வாங்கி, என் கையால் இவருக்குக் கொடுத்தால் குறை இராது என்று ஒரு கணக்கு. லூர்தஸ் பாரத்துக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார், விடவில்லை. அவர் இழுக்க, நான் இழுக்க, ஒரு வாழைப்பழம் உருண்டு மண்ணில் விழுந்தது.

"விடும்."

இவர் என் பின்னால் நின்றார். கதிரையை விட்டு எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது.

"என்னப்பா, அவா வந்து…"

"எனக்குக் கண் தெரியும். விடும். அவா தரட்டும்."

விட்டேன். இவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார். லூர்தஸ் ஒரு மூச்சு எடுத்தார். கோப்பை கழுவும்போதெல்லாம் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியதாம் அது.

"சம்பந்தி. நேரில வந்து சொல்லுறன். குடும்பமா, எங்கட வீட்டுக்கு, வரவேணும்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம். ஒரு சொல்லும் பிழையில்லை.

"கட்டாயம் வாறம், சம்பந்தியம்மா," என்றார் இவர். அவருடைய குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். லூர்தஸ் கதிரையைத் தட்டி "கதெய்ரா," என்றார். மேசையைத் தட்டி "மேசா," என்றார். போர்த்துக்கேயத்திலும் அதே சொற்கள்தான். "உங்கட ஆக்கள் கோட்டையோட விட்டுட்டுப் போன தளபாடம்தான்," என்றார் இவர். நியாஸ் போனை எடுத்து மதுராவுக்கு அடித்தார். அங்கே விடிந்தும் இராது, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நியாஸ் போனை என்னிடம் தரவில்லை. நேரே இவரிடம் நீட்டினார்.

"அப்பா…"

"ஓம் பிள்ளை." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "மாமி வந்து சொல்லிப்போட்டா. நாங்கள் வாறம். நீர் நேரத்துக்குச் சாப்பிடுறீரோ?"

அவள் அங்கே அழுதாள், நான் இங்கே அழுதேன். நியாஸ் சுவரில் தொங்கிய கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன்

வழிகாட்டியில் இது முதலில் வர வேண்டியது. நான் கடைசிக்கு விட்டுவிட்டேன்.

விசாவுக்கு நேரத்தோடு விண்ணப்பியுங்கள். கருவாடு கொண்டுபோகாதீர்கள். பிள்ளை பெறுகிறவளுக்கு வேண்டிய சரக்குத்தூளை நன்றாகக் கட்டிக் கொண்டுபோங்கள். எங்களுக்கு அதை மச்சாள் திரியாயில் வறுத்து இடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முதல் நாளே வந்து எங்கள் பெட்டிகளையும் அடுக்கித் தந்தார்.

நாங்கள் புறப்பட்ட அன்று காலை நியாஸின் வான் கேற்றடியில் வந்து நின்றது. சகுனத்துக்கு எதிரில் வருவதற்கு முன்வீட்டு அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அவர் நிறைகுடத்தோடு தயாராக நின்றார். பெட்டிகள் ஏறின. நான் ஏறினேன். இவர் ஏறவில்லை.

"அக்கா எங்க?"

"குசினிக்குள்ள நிப்பா. ஏறுங்கோவன், நேரம் போகுது."

புறப்பட்டவர் திரும்பி வீட்டுக்குள் போகக் கூடாது என்பார்கள். இவர் போனார். போட்ட சப்பாத்தோடேயே குசினி வரை போனார். நான் வானிலிருந்து இறங்கிப் பின்னால் ஓடினேன். குசினிக் கதவு சாத்தியிருந்தது. இவர் தட்டவில்லை. திறந்தார். மச்சாள் அடுப்படியில், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"என்னடா தம்பி, பிள்ளைப்பேற்றுக்குப் போறாய். எதிரில வர எனக்கு ஏலாது. நீ போட்டு வா."

"கடல் தாண்டி ஒரு மனுசி வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா, அக்கா," என்றார் இவர். "நீங்கள் கேற்றடி மட்டும் வாங்கோ."

மச்சாள் என்னைப் பார்த்தார். இத்தனை வருடமும் நான் இதைச் சொன்னதில்லை. "வாங்கோ மச்சாள்," என்றேன். கையைப் பிடித்தேன். அடுப்புச் சூட்டில் அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது.

வானுக்கு எதிரில் மச்சாள் வந்து நின்றார். முன்வீட்டு அம்மா குடத்தோடு ஒரு பக்கமாக விலகி இடம் விட்டார். கையை எங்கே வைப்பது என்று மச்சாளுக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தார், விட்டார். பிறகு ஒரு கையைத் தூக்கி, "போட்டு வா தம்பி," என்றார். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரை இவர் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஃபுன்ஷாலை நெருங்கும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விமானம் சுற்றவில்லை, மேலே எழும்பவில்லை. ஒரே தரத்தில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். இவர் தட்டவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"என்னப்பா, பயந்திட்டீங்களோ? மகள் வெளியில பாத்துக்கொண்டு நிப்பாள். போனை எடுத்துச் சொல்லட்டோ?"

"முதல்ல அக்காவுக்கு எடும்," என்றார். "நல்லபடியா வந்து இறங்கிட்டம் எண்டு சொல்லும்."